அந்தச் சிரிப்புக்கு வேறு பொருள் உண்டு, அம்மா

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

மகன் ஆறு மாதப் பயிற்சிக்காக வியட்நாமின் ஹாய்ஃபாங் நகரத்துக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. தமிழ்வழியில் படித்து மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். "நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறாங்கம்மா. இனிமே இங்கிலீஷ் பேச மாட்டேன், ஊருக்கே வந்துடுறேன்" என்று போனில் அழுதிருக்கிறான். 40,000 ரூபாய் கட்டி ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா, இல்லை பேசாமல் வரச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் அம்மா. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் மூன்று வருடம் ஹனோயில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்ததிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் வியட்நாமைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் இந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்டதில்லை. உங்கள் பிள்ளை, அந்தத் தம்பிதான் முதல் ஆள்.

அங்கே போன முதல் மாதம் என் வகுப்பில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தான். எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றுகொண்டு சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வகுப்பு முடிந்ததும் கூட வேலை பார்த்த மூத்த ஆசிரியை என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அவன் வெட்கப்படுகிறான். உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்றுதான் சிரிக்கிறான்." வியட்நாமியர்கள் மகிழ்ச்சியிலும் சிரிப்பார்கள். சொன்னது புரியாவிட்டாலும், தவறு செய்துவிட்டாலும், மன்னிப்புக் கேட்கச் சொல் வராவிட்டாலும் சிரிப்பார்கள். தம்பி இங்கிலீஷில் ஏதோ கேட்கிறான், எதிரே நிற்கிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால், "நமக்குப் பதில் சொல்ல வரவில்லையே" என்ற கூச்சமாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. அவன் எதற்குப் பயப்படுகிறானோ அதே பயம்தான் அவர்களுக்கும்.

இதையொட்டி வேலைக்கு உதவுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் "யெஸ்" என்றால் உடனே புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கு வியட்நாமில் பெரியவர்கள் பேசும்போது மரியாதைக்கு "வங்" என்பார்கள். நாம் கதை கேட்கும்போது "ம்" கொட்டுகிறோமே, பல நேரம் அது அப்படித்தான். அதை அவர்கள் இங்கிலீஷில் "யெஸ்" ஆக்கிவிடுகிறார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது இது முக்கியம். "ஷோ மீ, ப்ளீஸ்" என்று சொல்லி ஒருமுறை செய்துகாட்டச் சொல்வது நல்லது.

இன்னொரு குறையும் எழுதியிருந்தீர்கள். பார்த்ததும் வயதைக் கேட்கிறார்களாம். அது துருவல் இல்லை அம்மா. அவர்கள் மொழியில் நான், நீ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மூத்த ஆண் என்றால் "ஆன்", அதாவது அண்ணன். மூத்த பெண் "சி", அக்கா. இளையவர் யாராக இருந்தாலும் "எம்". வயது தெரியாமல் எதிரே இருப்பவரைக் கூப்பிடவே வழியில்லை. வயதைச் சொன்ன மறுநிமிடம் தம்பிக்கு ஒரு உறவுமுறை வந்துவிடும், தம்பியாகவோ அண்ணனாகவோ. பழகியவர்களைக் கண்டால் அங்கே பலர் முதலில் கேட்பது "சோறு சாப்பிட்டாச்சா?" என்றுதான். அதைக் கேட்டபோதெல்லாம் எனக்குத் திருநெல்வேலி ஞாபகம் வந்துவிடும்.

அந்த மக்களின் அன்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. சைகான் (ஹோ சி மின் நகரம்) தெருவோரங்களில் போகிற வருகிறவர்கள் குடிக்கட்டும் என்று ஐஸ் போட்ட தேநீரைப் பெரிய ஜாடியில் நிரப்பி, "இலவசம்" என்று எழுதி வைத்திருப்பார்கள். நம் தண்ணீர்ப்பந்தல் மாதிரிதான், ஆனால் கோடைக்காலம் என்று கணக்கில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்களுக்காக அதே நகரத்தில் பொத்தானை அழுத்தினால் ஒன்றரைக் கிலோ அரிசி கொட்டும் இயந்திரத்தை ஒருவர் வைத்தார். பிறகு மற்ற ஊர்களிலும் வைத்தார்கள். "நல்ல இலை கிழிந்த இலையைப் பொதியும்" என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. வாழையிலையில் பொட்டலம் மடித்த கைக்கு அது சட்டென்று விளங்கும்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஹனோய் போன புதிதில் பஸ்ஸில் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். மழை. முகவரியைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். ஓரத்தில் தேநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி அதை வாங்கிப் பார்த்தார். கடையை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். சரியான பஸ் வரும்வரை கூடவே நின்று, கண்டக்டரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லி ஏற்றிவிட்டார். கண்டக்டரும் என் நிறுத்தம் வந்ததும் தோளைத் தொட்டு இறக்கிவிட்டார். அன்று இரவு அறைக்கு வந்து அழுதேன். நன்றி என்று சொல்லக்கூட எனக்கு அவர்கள் மொழியில் தெரிந்திருக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அன்றைக்கு நான் வாயையே திறக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் திறக்கவில்லை. கையைக் காட்டினால் போதும், யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள். போனை நீட்டினால் அதில் மொழிபெயர்த்துப் பதில் காட்டுவார்கள். இவ்வளவு அன்பு சுற்றி இருந்தால் ஒரு சொல் பேசாமலே காலத்தை ஓட்டிவிடலாம். தம்பிக்கு இப்போது நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். காலையில் யாரோ வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள், கேன்டீனில் தட்டில் எடுத்துவைக்கிறார்கள், வேலையைச் சைகையிலேயே காட்டிக்கொடுக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் பேசவேண்டிய தேவையே வரவில்லை. தேவை இல்லாத இடத்தில் ஊக்கம் எப்படி நிற்கும்?

அதே அன்பைத்தான் இந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும். தப்பாகப் பேசினாலும் முகம் சுளிக்காத மனிதர்கள் கிடைப்பது, மொழி கற்கிறவனுக்குப் பெரிய வரம். 40,000 ரூபாய் வகுப்பு அதைத் தராது.

ஹாய்ஃபாங்கிலிருந்து ஹனோய் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். வார இறுதியில் அங்கே ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகளை விடமாட்டார்கள். ஊரே நடக்க வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் கையில் கேள்விகள் எழுதிய நோட்டோடு வெளிநாட்டவர்களைத் தேடிவருவார்கள். "எக்ஸ்கியூஸ் மீ, கேன் ஐ டாக் வித் யூ?" என்று கேட்பார்கள், இங்கிலீஷ் பேசிப் பழகுவதற்காக. ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். அவளுடைய அம்மா பத்தடி தள்ளிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வியிலேயே மூன்று தப்பு. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. நான் சொன்ன பதில் புரியாதபோது "ஒன் மோர் டைம்" என்று விரலைக் காட்டினாள். ஐந்து கேள்வி முடிந்ததும் கும்பிடாத குறையாகக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, ஒரு மிட்டாயை என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போனாள். அந்த மாலையில் இன்னும் எத்தனை பேரிடம் பேசினாளோ!

தம்பியும் அங்கே வெளிநாட்டவன்தான் அம்மா. அந்த ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தால் அவனைத் தேடியும் பிள்ளைகள் வருவார்கள். "எனக்கே இங்கிலீஷ் வராது" என்ற தயக்கம் அவர்கள் முன்னால் நிற்காது. மாதத்துக்கு ஒருமுறையாவது அவன் போகவேண்டும்.

அந்த நாட்டில் இங்கிலீஷ் எல்லோருக்கும் எளிதாக வந்துவிட்டதாகவும் அவன் நினைக்கவேண்டாம். அங்கே இங்கிலீஷ் அடிப்படையே விட்டுப்போனவர்கள் தங்களை "மட் கோக்" என்று சொல்லிக்கொள்வார்கள். வேர் போய்விட்டது என்று பொருள். அவனுடைய ஷிஃப்டில் ஐம்பதைத் தாண்டிய சூப்பர்வைசர் யாராவது இருந்தால் அவர் பள்ளியில் ரஷ்ய மொழி படித்தவராக இருக்கக்கூடும். 1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, 1995இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகுதான் இங்கிலீஷ் அலை அங்கே வேகமெடுத்தது. ரஷ்ய மொழி ஆசிரியர்கள் பலர் நடுவயதில் மறுபடி மாணவர்களாக உட்கார்ந்து இங்கிலீஷ் படித்து ஆசிரியர்களானார்கள். என்னைத் தனியாக அழைத்துச் சிரிப்பின் பொருளைச் சொன்னாரே, அந்த ஆசிரியையும் அவர்களில் ஒருவர்தான். வடக்கே சாபா மலையில் மோங் இனப் பெண்கள் மலையேற வரும் பயணிகளோடு பேசிப் பேசியே சரளமாக இங்கிலீஷ் கற்றிருக்கிறார்கள். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அவனோடு அறையிலோ ஷிஃப்டிலோ இருக்கும் ஒருவரைத் தம்பி கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் இங்கிலீஷ் சொற்களின் கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம், பஸ்ஸு, போல்ட்டு, ரைஸு என்று. வியட்நாமியர்கள் கடைசி ஒலியையே விழுங்கிவிடுவார்கள். சோறு என்கிற ரைஸ், சரி என்கிற ரைட், சவாரி என்கிற ரைடு, எல்லாமே அவர்கள் வாயில் "ராய்" ஆகிவிடும். கடைசி ஒலியில் அவர்களுக்கு என்ன குறைகிறதோ அது நமக்குக் கூடுகிறது. ஒருவர் மற்றவர் பேச்சைக் கேட்டாலே தன் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். சரியான உச்சரிப்பை மட்டும் போனில் உள்ள அகராதியின் ஒலியைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் பிழை மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதேபோல அவர்கள் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. "நேற்று நான் போ" என்பது மாதிரிதான் அமைப்பு. நமக்கு வந்தான், வருகிறான், வருவான் என்று காலம் பார்ப்பது பிறவியிலேயே பழகிவிட்டது. அதனால் இங்கிலீஷின் காலங்களைப் பிடிப்பதில் தம்பி கை மேலே. சொல் வரிசையில் அவர்கள் கை மேலே, ஏனென்றால் இங்கிலீஷ் மாதிரியே அவர்களுக்கும் வினை நடுவில் வரும். இதைச் சொல்லிக்காட்டினால் அவன் தன்னை ஒன்றும் தெரியாதவனாக நினைப்பது குறையும்.

பதிலுக்கு அவன் அவர்கள் மொழியில் பத்து வார்த்தையாவது கற்கட்டும். "மா" என்ற ஒரே அசையை ஆறு சுருதியில் சொன்னால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு பொருள் வரும். நாற்று என்று சொல்லப்போய்ப் பேய் என்று சொல்லிவிடுவான், எல்லோரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டால் இங்கிலீஷில் தப்பு வருமோ என்ற பயமும் பாதி கழன்றுவிடும். என் அனுபவத்தில் அது அப்படித்தான் நடந்தது.

தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் அன்று உண்மையில் பேசவேண்டியிருந்த ஐந்து வாக்கியங்களைச் சட்டைப்பை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "த போல்ட் இஸ் லூஸ்", "ஐ செக்ட் இட் ட்வைஸ்" மாதிரி. அகராதியிலிருந்து எடுத்த கடினமான சொற்கள் வேண்டவே வேண்டாம். மறுநாள் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அதில் ஒன்றையாவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். 1911இல் கப்பலில் சமையல் உதவியாளாகப் போன ஹோ சி மின், பிற்பாடு வியட்நாமின் விடுதலைத் தலைவரானவர், வேலைக்கு நடுவே பார்த்துப் பார்த்துப் படிக்க அந்நியச் சொற்களைக் கையில் எழுதிக்கொள்வாராம். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது. அவன் சூப்பர்வைசரிடம் நோட்டைக் காட்டினால் அவரே இந்தக் கதையைச் சொல்லக்கூடும்.

மொழிபெயர்ப்புச் செயலியைத் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன், பாதுகாப்பு விஷயத்தில் அது வேண்டும். மற்றபடி முதலில் வாயால் ஒருமுறை முயற்சி, பிறகு போன்.

சான்றிதழ் தேர்வுக்கு இப்போது பணம் கட்டவேண்டாம். பயிற்சி முடிந்து திரும்பும்போது, ஆறு மாதம் என்ன வேலை செய்தான் என்பதை இங்கிலீஷில் பத்து நிமிடம் தானாக விளக்க முடிந்தால், இங்கே நேர்முகத் தேர்வில் அது காகிதத்தைவிட அதிகம் பேசும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் அம்மா. ராத்திரி போனில் "இங்கிலீஷ் வந்துடுச்சாப்பா?" என்று கேட்கிறீர்கள் இல்லையா, அதை நிறுத்திவிடுங்கள். "இன்னிக்கு யார்கிட்ட என்ன பேசினே?" என்று கேளுங்கள். ஒருநாள் அவன் "யாரும் கிடைக்கலை" என்றால் திட்டவேண்டாம், சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.

அவன் ஒருமுறை அந்த ஏரிக்கரைக்குப் போய்வந்ததும் எனக்குப் பேசச் சொல்லுங்கள். நம் நேரம் இரவு எட்டு மணி எனக்கு வசதி. அங்கே அப்போது ஒன்பதரை ஆகியிருக்கும், ஷிஃப்ட் முடிந்து குளித்துச் சாப்பிட்டிருப்பான். முதல் ஐந்து நிமிடம் இங்கிலீஷில்தான் பேசுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.