தோல் முட்டை, வெளிறிய கரு, நின்றுபோன முட்டை: கோழித் தீனிக் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் தோட்டம். இருபது வருஷத்துக்கு மேலாக முட்டைக்கோழி வளர்க்கிறேன். இப்போது நாட்டுக்கோழி முப்பதும், கூண்டில் பி.வி. 380 என்னும் முட்டைக்கோழி இனம் ஐம்பதும் நிற்கின்றன. வெயில் ஏறியதிலிருந்து முட்டையைப் பற்றிப் பலரும் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வடகரப்பதியிலிருந்து: அக்கா, பத்து நாளாகத் தோல் முட்டைதான் வருகிறது. கையில் எடுத்தால் அமுங்குகிறது. தீனிக்குக் குறைவே இல்லை. குருணை, கம்பு, மிச்சச் சோறு எல்லாம் வயிறு நிறையப் போடுகிறேன்.

அம்மிணி, வயிறு நிறைகிறது, ஆனால் ஓடு கட்டத் தேவையான சரக்கு உள்ளே போகவில்லை. ஒரு முட்டையின் ஓட்டில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தின்பதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் ஒட்டும். அதனால் விடாமல் முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் வரை கால்சியம் வேண்டும். நூறு கிராம் குருணையிலோ கம்பிலோ அதில் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

அப்படியென்றால் இத்தனை நாள் ஓடு எங்கிருந்து வந்தது? கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது. முட்டைக்கோழியின் எலும்புக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு உண்டு. அது தீர்ந்தால் முதலில் ஓடு மெலியும், அப்புறம் தோல் முட்டை வரும். அதையும் கவனிக்காமல் விட்டால் கோழி காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உங்கள் கோழி நடையில் தளர்ச்சி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

செய்ய வேண்டியது சுலபம். கிளிஞ்சலை, நம் பக்கம் கக்காத் தோடு என்கிறோமே அதை, உடைத்த பயறு அளவுக்கு நொறுக்கித் தனிச் சட்டியில் வையுங்கள். மாவாக இடிக்க வேண்டாம். ஓடு கட்டும் வேலை ஏறக்குறைய 20 மணி நேரம் நடக்கிறது, அதில் பெரும்பகுதி இரவில். கோழி அடைந்தபின் தீனி எடுக்காது. மாவு சீக்கிரம் கரைந்து போய்விடும். துண்டுகளோ இரைப்பையில் தங்கி, விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குச் சட்டி நிறைந்திருக்க வேண்டும். வீட்டுத் தானியம் மட்டும் தின்னும் கோழி நாளைக்கு 8 முதல் 10 கிராம் வரை எடுக்கும். அளந்து திணிக்க வேண்டாம், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். வீட்டு முட்டை ஓட்டையும் வறுத்து நொறுக்கிப் போடலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் வந்துவிடும்.

அவரே மறுபடி: வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்து வைத்தால் போதாதா?

வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு காரம். வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

கோபாலபுரம்: அக்கா, நான் போடுவது நல்ல முட்டைக்கோழித் தீவனம், கிளிஞ்சலும் கலந்திருக்கிறது. இருந்தும் இந்த மாதம் ஓடு மெலிந்து உடைகிறது. முட்டையும் பாதியாகிவிட்டது.

தம்பி, இது வெயில் செய்யும் வேலை. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் இருந்தாலும் அதனோடு சேர வேண்டிய மற்றப் பாதி குறைந்துவிடுவதால் ஓடு மெலிகிறது. போதாததற்கு, வெக்கையில் கோழி தீனியையும் குறைத்துவிடும்.

தீவனத்தை விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்கும், வெயில் இறங்கிய பிறகும் கொடுங்கள். உச்சி வெயிலில் தட்டு காலியாக இருந்தால் பரவாயில்லை. தண்ணீர்தான் முக்கியம். நூறு கிராம் தீவனம் தின்னும் கோழி சாதாரண நாளில் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், இந்த வெயிலில் அதுபோல் இரண்டு மடங்கு. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீரே. ஒரு சித்திரையில் என் கூண்டுக்கோழிகள் திடீரென்று முட்டையைக் குறைத்தன. தீவனத்தை மாற்றினேன், மருந்து வாங்கினேன். கடைசியில் ஒரு நாள் பிற்பகல் குழாய்த் தண்ணீரில் கை வைத்தபோதுதான் புரிந்தது, டீ போடும் சூடு! கூரைமேல் கறுப்புத் தொட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தொட்டியைக் கீழே இறக்கி ஈரச் சாக்குப் போர்த்தினேன். ஆனால் முட்டை பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. உங்கள் குழாயில் இன்று இரண்டு மணிக்குக் கை வைத்துப் பாருங்கள்.

முதலமடை: முட்டைக் கரு வெளிறி இருக்கிறது. வாங்குகிறவர்கள் சத்தில்லை என்கிறார்கள்.

கருவின் நிறம் தீனியில் உள்ள மஞ்சள் நிறமியால் வருவது. மக்காச்சோளம், முருங்கை, அகத்தி, பசும்புல் தின்றால் நன்றாக மஞ்சளாகும். குருணையும் வெள்ளைச் சோளமும் தின்றால் வெளிறும். மஞ்சள் கரு, வெளிறிய கரு இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். நாளும் ஒரு பிடி கீரை போடுங்கள், இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஓட்டின் பழுப்பும் வெள்ளையும் இனத்தைப் பொறுத்தது, தீனியால் மாறாது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மட்டும் போடாதீர்கள், கரு பச்சை கலந்த பழுப்பாகிவிடும்.

வேலந்தாவளம்: தேங்காய்ப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. அதை வைத்தே தீவனம் கலக்கலாமா?

கலக்கலாம், ஆனால் அவை மட்டும் போதாது. முட்டைக்கோழித் தீவனத்தில் 16, 17 சதம் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்களும் இருக்க வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கில் லைசின் மிகக் குறைவு, நாரும் அதிகம். சோயாவும் மீன்தூளும் அந்தக் குறையை நிரப்பும். நூறு கிலோவுக்கு என் கலவை: மக்காச்சோளம் 52, தவிடு 12, சோயாப் புண்ணாக்கு 18, உப்பில்லாத மீன்தூள் 6, கிளிஞ்சல் 9. மீதி 3 கிலோ வைட்டமின் சேர்ந்த தாது உப்புக் கலவை, அதில் கால் கிலோ சமையல் உப்பு. சோயாவில் 4, 5 கிலோவைக் குறைத்து அந்த இடத்தில் நல்ல கடலைப் புண்ணாக்கு போடலாம்.

நல்ல என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஆனி மழையில், விலை மலிவு என்று ஒரு கடையில் ஈரம் பட்ட மூட்டையை வாங்கிவிட்டேன். லேசான பூஞ்சை வாசம், காயவைத்தால் சரியாகும் என்று நினைத்தேன். அந்தப் பூஞ்சையின் நஞ்சு, அஃப்ளடாக்சின், ஈரலைத் தாக்கும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. ஏழு கோழி செத்தன, மற்றவை முட்டையை நிறுத்தின. இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் மூட்டையை வாங்காமல் திரும்பிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சித்தூர்: தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடி வளர்க்கிறேன். தீவனத்தை நிறுத்திவிடலாமா?

முடியாது அண்ணா. பச்சை அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். கீரை மாதிரி கூடச் சேருங்கள், அவ்வளவே.

மீனாட்சிபுரம்: கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்குத் தோல் போடலாமா?

பச்சையாக வேண்டாம், சயனைடு நஞ்சு இருக்கிறது. நறுக்கி நாலைந்து நாள் சுள்ளென்று காயவைத்து, கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

கோவிந்தாபுரம்: மூன்று மாதக் குஞ்சுகளுக்கு இப்போதே முட்டைத் தீவனம் போட்டால் சீக்கிரம் முட்டை வைக்குமா?

வைக்காது தம்பி, சிறுநீரகம்தான் கெடும். அத்தனை கால்சியத்தை வளரும் கோழி தாங்காது. வளர்பருவத் தீவனமே கொடுங்கள். கூண்டுக்கோழிக்கு 17, 18 வாரத்தில் மாற்றலாம். நாட்டுக்கோழி ஆறு மாதம்கூட எடுக்கும், கொண்டை சிவந்து பெருப்பதைப் பார்த்து மாற்றுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: எல்லாம் சரியாகக் கொடுத்தும் ஒன்றரை வயதுக் கோழிகள் முட்டையை அடியோடு நிறுத்திவிட்டன. கூடெல்லாம் இறகு.

அவை இறகு மாற்றுகின்றன அம்மிணி. வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதுதான், நோய் இல்லை. இறகு முழுக்கப் புரதம் என்பதால் முட்டைக்குப் போக வேண்டியது இறகுக்குப் போகிறது. இரண்டு, மூன்று மாதம் ஆகும். குருணையைக் குறைத்து, மீன்தூளும் கரையான், புழு பூச்சியும் கிடைக்கும்படி செய்யுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து கழுத்தைத் திருகினால் மட்டும் அது வெள்ளைக் கழிச்சல், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் காத்திருங்கள். சுருங்கிய கொண்டை மறுபடி சிவந்து, கோழி இடம் தேடிக் கேறத் தொடங்கும். அன்றைக்குச் சாயங்காலமே கிளிஞ்சல் சட்டியை நிரப்பி வைத்துவிடுங்கள்.