சட்டியில் மிஞ்சிய நெய்யில் சுக்கு பிஸ்கட்
வாசகர் கேள்வி – பதில்

தேவகோட்டை வாசகி: கல்யாணப் பலகாரம் சுட்டதில், கந்தரப்பம் சுட்ட நெய் அரைக் கிலோவுக்கு மேல் மிஞ்சிவிட்டது. கொட்ட மனசு வரவில்லை. திரும்பவும் பொரிக்கப் பயமாக இருக்கிறது. இஞ்சி, பட்டை வாசத்தோடு பழைய காலத்து பிஸ்கட் செய்ய இது ஆகுமா? அளவு சொல்லுங்கள்.

நன்றாக ஆகும். திரும்பப் பொரிப்பதைவிட அந்த நெய்க்கு இதுவே நல்ல வழி. பொரிக்கிற சட்டியில் நெய் 170, 180 டிகிரியில் காற்றுப்பட வெகுநேரம் கிடக்கிறது. பிஸ்கட் அடுப்பில் இருப்பதோ பன்னிரண்டு நிமிஷம். மாவில் ஈரம் இருக்கும்வரை உள்சூடு 100 டிகிரியை அதிகம் தாண்டாது. கந்தரப்பத்திலிருந்து நெய்யில் இறங்கிய வெல்ல வாசமும் ஏலக்காய் மணமும் சுக்கோடு ஒட்டிப்போகும்.

முதலில் நெய்யைக் கழுவ வேண்டும். நெய்யும் அதே அளவு தண்ணீரும் சேர்த்து ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். நெய் வட்டத் தட்டாக மேலே உறைந்துவிடும். கருகல் துணுக்கும் வெல்லமும் தண்ணீருக்குப் போய்விடும். தட்டின் அடியில் ஒட்டிய கசண்டைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். பிறகு சிறு தீயில் உருக்கி, சடசடப்பு முழுக்க அடங்கியதும் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சடசடப்பு நின்றால்தான் தண்ணீர் போயிற்று என்று அர்த்தம். ஈரம் தங்கினால் நெய் நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும்.

அளவு: மைதா 200 கிராம், நெய் 100 கிராம், பொடித்த வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை 110 கிராம், தேன் பதத்துக்குக் காய்ச்சி வடிகட்டிய கருப்பட்டிப் பாகு 50 கிராம், பால் 1 மேசைக்கரண்டி, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, சுக்குத் தூள் 2 தேக்கரண்டி, பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, கிராம்புத் தூளும் மிளகுத் தூளும் கால் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பன்றிக் கொழுப்பும் கரும்புச் சர்க்கரைப் பாகும் சேர்த்து அமெரிக்க அடுப்படிகளில் சுட்ட இஞ்சி பிஸ்கட்டின் கணக்குதான் இதற்கு அடிப்படை.

நெய் வெண்ணெய் பதத்தில் இருப்பதுதான் இதில் உயிர். சித்திரை வெயிலில் காரைக்குடிப் பக்கம் நெய் தானாக உறையாது. பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திக் கிளறிக்கொண்டே இருந்தால் கெட்டிப்படும். அதில் வெல்லப் பொடியைப் போட்டு, நிறம் வெளுக்கும்வரை ஐந்து நிமிஷம் அடித்துக் குழையுங்கள். வெல்லக் குருணைகள் கெட்டி நெய்க்குள் காற்றைப் புகுத்தும். உருகிய நெய்யில் காற்று நிற்காது, பிஸ்கட் கல்லாகிவிடும். அடுத்துப் பாகும் பாலும். மற்றதையெல்லாம் ஒன்றாகச் சலித்துச் சேர்த்து, திரண்டதும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் ரப்பராக இழுக்கும். அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து, 15 கிராம் உருண்டைகளாக்கி, சீனியில் புரட்டி, இரண்டு அங்குல இடைவெளியில் அடுக்குங்கள். சூடேறிய அவனில் 175 டிகிரியில் 12 அல்லது 13 நிமிஷம். முப்பதுக்குக் குறையாமல் வரும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. அடுப்பிலேயே மொறுமொறுப்பாகட்டும் என்று விட்டால் அடி கருகும், வெல்லம் கசக்கும்.

காரைக்குடி வாசகி: தேன்குழல் பொரித்த கடலை எண்ணெயை இதே பிஸ்கட்டுக்கு எடுக்கலாமா?

இனிப்புக்கு வேண்டாம். உப்பும் சீரக வாசமும் அதில் ஏறியிருக்கும். ஒரே தடவை காய்ந்து, நிறம் மாறாத எண்ணெய் என்றால் மிளகு, சீரகம் போட்ட கார பிஸ்கட்டுக்கு எடுங்கள். 100 கிராம் நெய்க்குப் பதில் 80 கிராம் எண்ணெய், கூடவே வறுத்த அரிசி மாவு 2 மேசைக்கரண்டி. அரிசி மாவு இல்லாவிட்டால் எண்ணெய் கசிந்து விரலில் ஒட்டும்.

கருத்துப்போனது, ஆறிய பிறகும் கொழகொழவென்று இருப்பது, காய வைத்ததும் நுரை கட்டி அடங்காதது, சீக்கிரமே புகைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த எண்ணெய் எதற்கும் உதவாது. வெதுவெதுப்பான ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். பழைய கொப்பரை வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். இஞ்சித் துண்டைப் பொரித்தெடுத்தால் வாடை குறையும், எண்ணெய் கெட்டது கெட்டதுதான். கடைகளுக்கு இதில் சட்டமே உண்டு: காயக் காய எண்ணெயில் உண்டாகும் ‘போலார்’ பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறை. வீட்டில் அதை அளக்க மூக்கும் கண்ணும்தான் கருவி.

புது எண்ணெயைப் பழையதோடு கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.

பள்ளத்தூர் வாசகர்: பன்றிக் கொழுப்புக்குப் பதில், கறி சமைக்கையில் எடுத்து வைத்த ஆட்டுக் கொழுப்பு போடலாமா?

போட்டால் வாயில் மெழுகு அப்பியது போல இருக்கும். ஆட்டுக் கொழுப்பு உருக 44 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் வாய்ச்சூடு 37 டிகிரிதான். பன்றிக் கொழுப்பு அந்தச் சூட்டிலேயே இளகிவிடும், அதனால்தான் அந்த நாட்டு பிஸ்கட்டுக்கு அது பொருந்தியது. அவசியம் போட வேண்டுமென்றால் கால் பங்கு ஆட்டுக் கொழுப்பு, முக்கால் பங்கு நெய். சுக்கையும் மிளகையும் கொஞ்சம் கூட்டுங்கள். குழம்பின் மேல் மிதந்த எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது. மிளகாயும் பூண்டும் எந்தக் கழுவலுக்கும் போகாது.

பொன்னமராவதி வாசகி: வேறொரு பிஸ்கட் குறிப்பில் 100 கிராம் வெண்ணெய் என்று இருந்தது. அதே எடைக்கு நெய் போட்டேன், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அடையாகிவிட்டது.

வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். நெய் முழுக்கக் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய்யும் 1 மேசைக்கரண்டி பாலும்தான் சரி. முதல் தட்டு வெந்து வந்த சூட்டோடு அதே தட்டில் அடுத்த உருண்டைகளை வைத்தாலும் இப்படித்தான் பரவும். தட்டை ஆறவிடுங்கள்.

கோட்டையூர் வாசகி: அவன் இல்லை. குக்கரில் வருமா?

வரும். வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து மூடி, நடுத்தீயில் பத்து நிமிஷம் காயவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. தட்டை வைத்ததும் சிறு தீ, 18 முதல் 20 நிமிஷம். மேல்சூடு குறைவு என்பதால் நிறமும் வெடிப்பும் அவன் அளவுக்கு வராது. உருண்டையைக் கொஞ்சம் தட்டையாக்கி வைத்தால் உள்வரை வேகும்.

புதுவயல் வாசகர்: மறுநாளே நமத்துப்போகிறது, ஏன்?

வெல்லமும் கருப்பட்டியும் காற்றின் ஈரத்தை இழுக்கும். முழுக்க ஆறியபின் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், வெதுவெதுப்போடு மூடினால் உள்ளேயே வேர்க்கும். நமத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் காட்டி ஆறவைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். ஒருமுறை காய்ந்த நெய் என்பதால் பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குமேல் முதலில் கெடுவது மொறுமொறுப்பு அல்ல, வாசம்.