பிரசவ வார்டில் பணம் வாங்கிவிட்டார்கள், புகார் கொடுத்தால் எங்கள் மேலும் வழக்கு வருமா?

மூன்று நாளைக்கு முன் அரசு மருத்துவமனையில் மனைவிக்கு சிசேரியன் ஆனது, குழந்தையைக் காட்ட ஆயிரம் ரூபாய் வாங்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்த நாங்களும் மாட்டுவோமா, மனைவி இன்னும் வார்டில் இருக்கிறாள், கவனிப்பு குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வழக்கு பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தினார்கள். அதன்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர், கொடுத்த 7 நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. வாங்கிய அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. தங்கைக்கு ஆபரேஷன் முடிந்து, தியேட்டர் வாசலில் பச்சைத் துணியில் சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் ஆயா நின்றார். "பொண்ணுன்னா ஐநூறு, பையன்னா ஆயிரம்." குழந்தை அழுகிறது, கை எட்டும் தூரம்தான். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஊர் திரும்ப வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் யாருக்குச் சட்டம் பேச வாய் வரும்? அதனால்தான் அந்த வாசலில் கேட்கிறார்கள்.

அப்பா டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லி ஆற்றாமைப்பட்டார், எழுதிக் கொடுக்கவில்லை. பத்து நாள் கழித்து நான் நிலைய மருத்துவ அலுவலரைப் போய்ப் பார்த்தேன். என்ன தேதி, எத்தனை மணி, எந்த வார்டு, ஆளை அடையாளம் காட்ட முடியுமா என்றுதான் கேட்டார். ஆயாவின் பெயர் எங்களுக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த தேதியை வைத்து, பணிப்பதிவேட்டில் அந்த ஷிப்டில் இருந்தவர்களைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஆயா ஒப்பந்தப் பணியாளர். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று அழுதார். அது உண்மையாக இருக்கலாம், அதற்கு அந்த ஒப்பந்ததாரரைப் பிடித்துக் கேட்க வேண்டும். என் அம்மாவின் முடிச்சை அவிழ்க்க வைப்பதா வழி? அவரைப் பிரசவ வார்டிலிருந்து மாற்றினார்கள், பணமும் திரும்ப வந்தது.

உங்கள் மனைவி உள்ளே இருக்கும்வரை வார்டில் சண்டை போடாதீர்கள். வெளியே வந்து 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் எழுத்தில் ஒன்று கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனிடம், மாவட்ட, தாலுகா மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநரிடம். இன்னொன்று, 2011 முதல் நடக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அரசு மருத்துவமனைப் பிரசவத்துக்கு, சிசேரியன் உட்பட, ஒரு பைசா வாங்கக் கூடாது. மருந்து, ரத்தம், சாப்பாடு, வீடு திரும்பும் வண்டி எல்லாம் அதில் அடக்கம். புகாரில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

காயச் சான்று, மாற்றுத்திறனாளிச் சான்று போன்றவற்றுக்கு "நாளைக்குப் பணத்தோடு வா" என்று முன்கூட்டியே கேட்டால், கொடுக்காமல் நேரே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டும். ரூபாய் நோட்டில் பினாப்தலின் பொடி தடவி, எண்களைக் குறித்துக்கொண்டு அனுப்புவார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் விட்டால் இளஞ்சிவப்பாகும். ஆனால் பணம் கிடைத்தது மட்டும் கோர்ட்டில் போதாது, அவர் கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும். ஆகவே போன் பேச்சு, மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

மருந்து விஷயத்தில் தமிழ்நாடு இதைவிட நன்றாக யோசித்தது. 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் வந்தபின் கொள்முதல் ஒரே இடத்தில், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மருந்துக் கணக்கு எழுத ஒரு பாஸ்புக், மாத்திரை அட்டையிலேயே "விற்பனைக்கு அல்ல" என்ற அச்சு. திருடி விற்பது கஷ்டமானது. தியேட்டர் வாசலிலும் அப்படி ஒன்று வேண்டும். குழந்தையைச் செவிலியரே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும் என்று அந்த அலுவலரிடம் எழுதியே கொடுத்தேன்.

நாங்கள் போனபோது பத்து நாள் ஆகிவிட்டிருந்தது. 7 நாள் கணக்கு அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவிக்க உங்களுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.