கை தூக்குகிறவர் நடுவராக முடியுமா?

கேள்வி: கார்ட்டரில் தொடங்கி டிரம்ப் வரை எத்தனையோ அமெரிக்க அதிபர்கள் முயன்று பார்த்துவிட்டார்கள். இஸ்ரேல் - பாலஸ்தீன அமைதி மட்டும் வரவே இல்லை. அந்த இரண்டு தரப்புக்கும் அமைதியில் விருப்பம் இல்லை என்றுதானே அர்த்தம்? அமெரிக்காவை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முயன்றார்கள் என்கிறீர்கள். உண்மையாகவே முயன்றபோது என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம்.

1982 ஆகஸ்ட் 12. லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் மேற்குப் பகுதி மேல் இஸ்ரேல் விமானங்கள் மணிக்கணக்கில் குண்டு பொழிந்துகொண்டிருந்தன. அமெரிக்க அதிபர் ரீகன் தொலைபேசியை எடுத்து இஸ்ரேல் பிரதமர் பெகினிடம் கோபமாகப் பேசினார். சுமார் இருபது நிமிடத்தில் பெகின் திரும்ப அழைத்தார், தாக்குதலை நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றார். ரீகன் இஸ்ரேலின் எதிரி அல்ல, நெருங்கிய நண்பர். அந்த நண்பரின் ஒரு போன் போதுமானதாக இருந்தது.

அதற்கும் முன்னால் 1957-இல், போரில் பிடித்த சினாயையும் காசாவையும் விட்டு வெளியேறாவிட்டால் பொருளாதாரத் தடை வரும் என்று ஐசன்ஹோவர் எச்சரித்தார். இஸ்ரேல் வெளியேறியது.

இதைவிடப் பாடமான கதை 1991-இல் நடந்தது. சோவியத் நாட்டிலிருந்து லட்சக்கணக்கான யூதர்கள் இஸ்ரேலில் வந்து இறங்கிய நேரம். அவர்களைக் குடியமர்த்த 1,000 கோடி டாலர் கடன் தேவைப்பட்டது. அதற்கு அமெரிக்கா ஜாமீன் நிற்க வேண்டும் என்று கேட்டார் பிரதமர் ஷமீர். 1967 போரில் பிடித்த மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்கள் கட்டுவதை நிறுத்துங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள் மூத்த புஷ்ஷும் அவருடைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும். ஷமீர் மசியவில்லை. ஆனாலும் அக்டோபர் 30-ஆம் தேதி மாட்ரிட் அமைதி மாநாட்டில் அவர் வந்து உட்கார்ந்தார். எதிரே பாலஸ்தீனர்கள், ஜோர்டான் குழுவின் ஒரு பகுதியாக. அடுத்த ஜூனில் இஸ்ரேல் வாக்காளர்கள் ஷமீரை இறக்கிவிட்டு ராபினைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவோடு உறவு கெட்டதும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணம். அதற்கடுத்த ஆண்டு, இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஒன்றையொன்று அங்கீகரித்த ஓஸ்லோ ஒப்பந்தம் வந்தது.

அன்றைக்கு இருந்த பிடியை அதன்பின் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். என் குற்றச்சாட்டு இதுதான். 1993-இல் மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல், குடியேறிய இஸ்ரேலியர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். இன்று ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். எந்த நிலத்தைப் பற்றிப் பேச்சுவார்த்தையோ, அந்த நிலத்தில் ஒரு தரப்பு வீடு கட்டிக்கொண்டே இருந்தது. நடுவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒபாமா நல்லவர், எண்ணமும் நல்லதுதான். குடியேற்றம் கூடாது என்று வெளிப்படையாகவே பேசினார். ஆனால் 2011 பிப்ரவரியில் அதையே சொல்லும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்தபோது 14 நாடுகள் ஆதரிக்க, அமெரிக்கா மட்டும் வீட்டோ செய்தது. தன் கொள்கையைத் தானே வெட்டிப் போட்டது. 2016 செப்டம்பரில் பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவிக்குக் கையெழுத்து. அந்த டிசம்பரில், பதவி முடிய நான்கு வாரம் இருக்கும்போது, குடியேற்றத்தைக் கண்டிக்கும் தீர்மானத்தில் அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு வந்த கண்டிப்புக்கு யார் பயப்படுவார்கள்?

டிரம்ப் வந்து ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்தார், தூதரகத்தை அங்கே மாற்றினார். பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்தைப் பேசாமலே ஒரு பக்கத்துக்குக் கொடுத்தார். பைடன் காலத்தில், 2023 டிசம்பர் 8 அன்று, காசா போர்நிறுத்தத் தீர்மானத்தில் 13 நாடுகள் ஆதரவு, பிரிட்டன் நடுநிலை. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது அவையில் உயர்ந்தது ஒரே ஒரு கை. அமெரிக்கப் பிரதிநிதி ராபர்ட் வுட்டின் கை. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, மற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. ஓஸ்லோவுக்குப் பிறகு ஹமாஸ் பேருந்துகளில் குண்டு வைத்தது. ராபினைச் சுட்டவன் ஒரு யூதத் தீவிரவாதி. 2023 அக்டோபர் 7 அன்று சுமார் 1,200 பேரைக் கொன்றதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதற்குப் பதிலாகக் காசாவில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அதற்கும் நியாயம் கிடையாது. 2005-க்குப் பிறகு பாலஸ்தீனத்தில் அதிபர் தேர்தலே நடக்கவில்லை. இவை எல்லாம் உண்மை. ஆனால் இவர்களில் யாரும் தன்னை நடுவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அமெரிக்கா சொல்லிக்கொள்கிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் வரைபடத்தை எடுங்கள். ரமல்லாவிலிருந்து பெத்லகேமுக்கு நேர்வழி ஜெருசலேம் வழியாகத்தான். மேற்குக் கரைப் பாலஸ்தீனர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் அதில் போக முடியாது. ஊரைச் சுற்றிக்கொண்டு, வாதி அன்-நார் என்ற செங்குத்தான மலைப்பாதையில் இறங்கி ஏறிப் போகிறார்கள். அதற்கு அருகில், ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் நடுவில், இ-1 என்று ஒரு நிலத்துண்டு இருக்கிறது. சுமார் 12 சதுர கிலோமீட்டர். அங்கே வீடுகள் எழும்பினால் மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் துண்டாகிவிடும். அந்தத் திட்டத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேல் நிறுத்தி வைத்திருந்தது பெரும்பாலும் அமெரிக்காவின் நெருக்குதல்தான், அதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்டில் அந்த நெருக்குதல் இல்லை. அந்த மாதமே சுமார் 3,400 வீடுகளுக்கு இஸ்ரேல் ஒப்புதல் கொடுத்தது. பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே இது புதைத்துவிடும் என்று நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகச் சொன்னார். வாஷிங்டனிலிருந்து அந்தப் போன் வரவில்லை.