முட்டை நாலு, பறந்தது ஒன்று: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பால்கனியில் புறா முட்டை வைப்பதும் காகம் தூக்கிப் போவதும் வாடிக்கையாகிவிட்டது. இப்படியே போனால் புறா இனம் எப்படித்தான் தப்பிக்கும்?

பதில்: உங்கள் புறாவுக்கு மட்டும் நேரம் சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான சிறு பறவைகளுக்கும் இதே கதைதான். கூடு வீணாவதற்குப் பெரிய காரணம் மழையும் காற்றும் இல்லை, முட்டையையும் குஞ்சையும் தின்ன வருகிற பாம்பு, காகம், அணில், பூனை வகையறாதான். ஆனால் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஜோடி தன் ஆயுசு முழுக்க வைக்கிற முட்டைகளில் இரண்டே இரண்டு வளர்ந்து, அவையும் குஞ்சு பொரித்தால் போதும், இனத்தின் எண்ணிக்கை குறையாது. மீதி எல்லாமே போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரிதான் ஏற்பாடு. புறா ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் வைக்கும், கூடு என்ற பெயரில் கொஞ்சம் குச்சி, அவ்வளவுதான் முதலீடு. அதனால் போனது போகட்டும் என்று சீக்கிரமே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது. காகத்தைத் துரத்தலாமா? துரத்துங்கள், ஆனால் அதற்கும் எங்கேயோ ஒரு கூட்டில் வாய் திறந்த குஞ்சுகள் இருக்கலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குஞ்சை மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடுமாமே?

பதில்: இல்லை. நம் கை வாடைக்காக எந்தத் தாயும் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சு கீழே கிடந்தால் எடுத்துக் கூட்டில் வைத்துவிடுங்கள். உடம்பெல்லாம் இறகு, வால் மட்டும் குட்டை, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது விழுந்த குஞ்சு இல்லை, தானே கூட்டைவிட்டு இறங்கியது. தாயும் தகப்பனும் பக்கத்தில்தான் இருக்கும், நாம் நகர்ந்தால்தான் வந்து ஊட்டும்.

கேள்வி: செடியில் கூடு கட்டிய பறவை முதல் முட்டை வைத்து இரண்டு நாளாகியும் அடையில் உட்காரவே இல்லை. முட்டை கெட்டுவிடாதா?

பதில்: கெடாது. போதிய சூடு கிடைக்கும்வரை கரு உள்ளே வளராமல் சும்மா இருக்கும். நிறைய சிறு பறவைகள் தினம் ஒன்று என்று வைத்துக்கொண்டே போய், கடைசி முட்டையோ அதற்கு முந்தினதோ வந்த பிறகுதான் நிலையாக உட்காரும், அப்போதுதான் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரியும். அது உட்காருவதைத் தள்ளி நின்று கவனியுங்கள். சட்டென்று அமராது, வயிற்று இறகை விரித்து உடம்பை அப்படியும் இப்படியும் ஆட்டி ஆட்டித்தான் படியும். வயிற்றில் இறகு உதிர்ந்து, ரத்த நாளங்கள் நிறைந்த வெறும் தோல் இருக்கும், அது முட்டைமேல் நன்றாக ஒட்டவேண்டும் என்பதற்குத்தான் இத்தனை ஆட்டமும்.

ஆந்தையும் பல கழுகு வகைகளும் இதற்கு நேர்மாறு. முதல் முட்டையிலிருந்தே உட்கார்ந்துவிடும், அதனால் மூத்தது பொரித்துத் தின்று பெருத்த பிறகுதான் கடைக்குட்டி ஓட்டை உடைத்துக்கொண்டு வரும். இரை ஏராளமாக இருக்கிற வருடம் எல்லாமே பிழைக்கும், இல்லாத வருடம் இளையது பட்டினியில் போகும், சில சமயம் மூத்ததுக்கே இரையாகும். கேட்கவே கொடுமையாக இருக்கிறது, சரி, ஆனால் இருக்கிற இரையை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டு அத்தனையும் செத்துப்போவதைவிட இது எவ்வளவோ தேவலை என்றுதான் எனக்குப் படுகிறது. எவ்வளவு குஞ்சுக்கு இரை தேட முடியுமோ அவ்வளவு முட்டைதான் பறவை வைக்கிறது என்று டேவிட் லாக் என்ற பறவையியலாளர் 1940களில் சொன்னார். அப்புறம் வந்தவர்கள் அதில் நிறையத் திருத்தம் செய்தாலும் அடிப்படை யோசனை இன்னும் நிற்கிறது.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக 20 கொண்டைக்குருவிக் கூடுகளைப் பார்த்தோம், ஒரு கூட்டுக்குச் சராசரியாக 10 நாள். 12 கூடுகளில் குஞ்சு பறந்தது. வெற்றி 60 சதவீதம் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். முட்டை வைத்த மறுநாளே காலியான கூடு உங்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. நீங்கள் கண்டுபிடித்ததெல்லாம் அதுவரை தப்பித்து நின்ற கூடுகள்தானே, அதனால் விழுக்காடு தானாகவே ஏறிவிடும். இதற்கு ஹரோல்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1961-ல் ஒரு எளிய வழி சொன்னார்: கூடுகளை எண்ணாதே, கூடு ஆபத்தில் இருந்த நாட்களை எண்ணு. உங்கள் 20 கூடுகளும் சேர்ந்து 200 நாள், அதில் 8 கூடு போயிருக்கிறது, ஆக ஒரு நாளில் ஒரு கூடு அழிய 4 சதவீத வாய்ப்பு, தப்ப 96. முட்டையிலிருந்து பறக்கும்வரை சுமார் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் அத்தனை நாளும் தப்பவேண்டுமே, அதனால் 0.96 × 0.96 × 0.96 என்று 25 நாளுக்கு 25 முறை 0.96-ஐப் போட்டுப் பெருக்கவேண்டும். வருவது 36 சதவீதம். உங்கள் அறுபது எங்கே, இந்த முப்பத்தாறு எங்கே!

இன்னொன்று, காலிக் கூட்டைப் பார்த்ததும் "பறந்துவிட்டது" என்று டிக் அடித்துவிடாதீர்கள். பறக்கும் வயது வந்த பிறகு காலியானதா என்று தேதியைப் பாருங்கள். கூட்டின் விளிம்பு மிதிபட்டு அமுங்கி, அதன்மேல் எச்சம் கிடந்தால் நல்ல அறிகுறி, குஞ்சுகள் பெரிதாகி விளிம்பில் ஏறி நின்றிருக்கின்றன என்று அர்த்தம். பக்கத்துப் புதரில் தாயோ தகப்பனோ அலகில் பூச்சியோடு திரிந்தால் இன்னும் உறுதி. கூட்டுப் பக்கம் தினமும் ஒரே வழியாகப் போய் வராதீர்கள், போகும் முன் காகம் ஏதாவது நோட்டம் விடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.