சும்மா வந்து நிக்கட்டும்?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. திருகோணமலை நகரில் ஒரு பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் படிக்கிறான். எழுத்துக்கூட்டி வாசிப்பான், கணக்கு வராது. ஆனால் துணி மடித்தால் விளிம்போடு விளிம்பு சேரும். அடுத்த வருடத்துக்குப் பிறகு வைத்திருக்க முடியாது என்று ரீச்சர் சொல்லிவிட்டார். நிலாவெளியில் சிறிய ஹோட்டல் நடத்தும் அவனுடைய சித்தப்பா, "சும்மா வந்து நிக்கட்டும், பாப்பம்" என்கிறார். அனுப்பலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அனுப்பலாம் தங்கச்சி. ஆனால் சும்மா நிற்க அனுப்பாதீர்கள்.

சித்தப்பா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் சும்மா நிற்கிற பிள்ளைக்கு யாரும் வேலை பழக்க மாட்டார்கள். முதல் கிழமை எல்லோரும் செல்லமாகப் பேசித் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டாம் மாதம் வாசலில் ஒரு கதிரையில் இருப்பான். அப்புறம் "அவனுக்குப் பிடிக்கேல்லைப் போல" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் செய்யப் போவது துவாயும் படுக்கை விரிப்பும் மடிக்கிற வேலை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குவான், யாருக்குப் பக்கத்தில் நின்று செய்வான், அந்த ஆள் வராத நாளில் யாரைக் கேட்பான் என்பதையும் சேர்த்துத்தான்.

பாடசாலை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் விசேட கல்வி பெறும் பிள்ளைக்கு 16 வயதாகும்போதே, படிப்புக்குப் பிறகு என்ன என்பதும் அவனுடைய கல்வித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது அங்கே சட்டம். நமக்கு ஒரு கொப்பி போதும். கிழமையில் இரண்டு காலை அவனை வேலை இடத்தில் பழக்க அதிபர் அனுமதிப்பாரா என்று ரீச்சரோடு பேசிப் பாருங்கள். பாடசாலையில் பெயர் இருக்கும்போது ஒரு இடம் சரிவராவிட்டால் திரும்பிப் போக வகுப்பு இருக்கிறது. விலகிய பிறகு வீட்டு விறாந்தைதான்.

வேலையைத் துண்டு துண்டாக உடைத்துப் பழக்குங்கள். வீட்டில் மடிப்பதோடு முடிந்துவிடும். ஹோட்டலில் கறை பட்டதை வேறாக எடுக்க வேண்டும், பெரியது சிறியது பிரிக்க வேண்டும், பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். எண்ண வராதா? மேசையில் பத்துக் கட்டம் வரைந்து ஒட்டுங்கள். கட்டத்துக்கு ஒரு துவாய். எல்லாம் நிரம்பினால் ஒரு கட்டு. ஒவ்வொரு படியையும் அவன் செய்யும்போது போனில் படம் எடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டினால், உங்கள் குரல் இல்லாமலே அடுத்தது என்னவென்று பார்த்துக்கொள்வான்.

இப்படியான பிள்ளைகள் வேலையை விட்டு நிற்பதற்குப் பல நேரம் வேலை காரணமே இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டது, வயிற்றுவலி என்று சொல்லத் தெரியாதது, யாரோ பகிடி பண்ணியது என்று ஏதாவது இருக்கும். ஆகவே நிலாவெளி பஸ்ஸில் முதல் நாட்களில் பக்கத்தில் இருங்கள். பிறகு பின் சீட்டுக்குப் போங்கள். பிறகு அவனை ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் போங்கள். நெஞ்சு படபடக்கும்தான். "எனக்குச் சுகமில்லை", "எனக்கு விளங்கேல்லை", "வேண்டாம்" என்ற மூன்றையும் அவன் வெளியாளிடம் சொல்லப் பழகட்டும்.

இன்னொன்று. நம் கரையில் உல்லாசப் பயணிகள் கூட்டம் பெரும்பாலும் மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான். மாரி பிடித்தால் அறைகள் வெறுமையாகிவிடும். மற்றப் பொடியன்கள் வேறு வேலைக்கு ஓடிவிடுவார்கள். ஒரே ஒழுங்கில் பழகிய உங்கள் பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில் இருந்தால் பழகியது கலைந்துபோகும். மாரி மாதங்களில் என்ன வேலை என்று சித்தப்பாவிடம் இப்போதே கேளுங்கள். பதில் இழுபட்டால், நகரில் வருடம் முழுக்க ஓடுகிற ஒரு லோண்டரியையோ பேக்கரியையோ கூடவே பார்த்து வையுங்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அரச வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீதம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அது, உண்மைதான். ஆனால் அந்தப் பதவிக்குரிய தகைமை இருந்தால்தான் பலன், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்குப் பயன்படக்கூடியவர் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர். தொழிற்பயிற்சி பற்றியும் உதவிப்பணம் பற்றியும் அவரிடம் கேளுங்கள். சம்பளம் வந்தால் உதவிப்பணம் மாறுமா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

சம்பளம் என்றதும் சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுவீர்கள். பழகும் நாட்களுக்கு ஒரு தவணை வையுங்கள், இரண்டு மாதம் என்று. அதன் பிறகு சம்பளம், அதோடு ஊழியர் சேமலாப நிதி: சம்பளத்தில் 8 வீதம் அவன் கட்டுவது, 12 வீதம் முதலாளி தன் கையால் கட்டுவது. சித்தப்பாவும் முதலாளிதான்.

பேசப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். அவனைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு கூடை துவாயை அவன் முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.