கடைசி ரைடுல கால் ஏன் தடுக்குது?

கேள்வி: கபடி கதை ஒண்ணு எழுதுறேன் சார். ஹீரோ கடைசி ரைடுல சொதப்புறான், ஆனா படிச்சவங்க டென்ஷனே இல்லங்கறாங்க. என்ன பண்ணலாம்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: பயந்தான்னு எழுதுனா பத்தாது தம்பி. நல்லா பழகுனவன் காலு தானா ஓடும், ப்ரஷர் ஏறுனா அவன் தன் காலையே கவனிக்க ஆரம்பிச்சிடுவான், எதை முன்ன வைக்கிறதுன்னு யோசிப்பான், அங்கதான் தடுக்கும். உளவியல்ல இதை சோக்கிங்ம்பாங்க, ராய் பாமைஸ்டர்ங்கற உளவியலாளர் 1984-லயே எழுதிட்டாரு. உங்க மேட்ச் அறுப்பு முடிஞ்ச வயல்ல நடக்குதுன்னு வைங்க, இத்தன நாளு தெரியாத தாள் கட்டை அன்னைக்குன்னு பாத்து காலுல குத்துறது தெரியும். அப்புறம் ப்ளேயருங்களுக்கு ஒரு ரொட்டீன் இருக்கும்ல, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளங்கையில மண்ணத் தேய்ச்சு நீளமா ஒரு மூச்சு விட்டுட்டுப் போறது, அத மொத பக்கத்துலயே காட்டிடுங்க. கடைசி ரைடுல மண்ணத் தேய்க்காமயே போயிட்டான்னு ஒரே வரி, வாசகனுக்கு அங்கயே வயிறு கலங்கிடும்.

கடைசி ரைடு நடுவுல ஹீரோ அவங்கம்மாவ நெனச்சு அழுவுற ஃப்ளாஷ்பேக் ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல, அத மட்டும் தூக்கிடுங்க, ரைடே 30 செகண்ட்தான், அழுவ ஏது நேரம்!